186 நாள், 34 நாள், 7 மாதம்: உலகம் அழியப்போகும் தொடர்களில் எதை முதலில் பார்ப்பது?

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகள் தொலைக்காட்சியில் ஏராளம். இடிந்த நகரம், துருப்பிடித்த கார்கள், துப்பாக்கியும் கையுமாக அலையும் நாலு பேர் என்று அவற்றுக்கு ஓர் அச்சே உருவாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கட்டம். அழிவு இன்னும் வரவில்லை, ஆனால் தேதி குறித்தாகிவிட்டது. கடைகள் திறந்திருக்கின்றன, ரயில்கள் ஓடுகின்றன, யாரோ சிலருக்கு மட்டும் உண்மை தெரியும். அல்லது எல்லோருக்கும் தெரியும், என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டத்தை மையமாக வைத்து வந்த தொடர்கள் குறைவு. வந்தவற்றிலும் பாதிக்கு மேல் கவனிப்பாரின்றிப் போய்விட்டன.

அப்படிப்பட்ட சிலவற்றை ஒப்பிட்டு, எங்கே தொடங்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தப் போவதில்லை. தேதி யாருக்குத் தெரியும்? இந்த ஒரு கேள்வியை வைத்தே இவற்றைப் பிரித்துவிடலாம். யாருக்குத் தெரியும் என்பதுதான் கதையின் போக்கை முடிவு செய்கிறது, உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதும் அதிலேயே விளங்கிவிடும். '3 பாடி ப்ராப்ளம்' போல எல்லோரும் பேசித் தீர்த்த தொடர்களைச் சேர்க்கவில்லை. அவற்றுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

முதலில் 'சால்வேஷன்'. 2017 ஜூலையில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது. இரண்டு பருவங்கள், பருவத்துக்கு 13 என மொத்தம் 26 அத்தியாயங்கள். 2018 செப்டம்பரில் கடைசி அத்தியாயம் வந்தது, அதோடு நிறுத்திவிட்டார்கள். பெரிய விருதுகள் எதுவும் கிடைக்கவில்லை, விமர்சகர்களும் பெரிதாகக் கொண்டாடவில்லை. கோடைகாலத்தில் பொழுதுபோக்குக்காகப் போடும் தொடர் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு மேல் மதிப்பு உள்ள தொடர் இது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கும் லியாம் கோல் என்ற மாணவன் ஒரு கணக்கைப் போடுகிறான். சாம்சன் என்று பெயரிடப்பட்ட சிறுகோள் 186 நாளில் பூமியில் மோதும் என்று விடை வருகிறது. பேராசிரியரிடம் காட்டுகிறான், பேராசிரியர் காணாமல் போகிறார். வேறு வழி தெரியாமல் டேரியஸ் டான்ஸ் என்ற தொழில்நுட்பக் கோடீஸ்வரரைத் தேடிப் போகிறான். டேரியஸ் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனுக்குப் போனால், அங்கே விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. உலகத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் தொடர் தன் சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறது. கதையின் மையத்தில் நிற்கும் கிரேஸ் பாரோஸ் விஞ்ஞானியும் இல்லை, ராணுவத் தளபதியும் இல்லை. பென்டகனின் ஊடகச் செயலாளர். நிருபர்கள் முன் நின்று தகவல் சொல்வதுதான் அவர் வேலை. உலகிலேயே மிக முக்கியமான தகவல் கையில் கிடைத்த அன்றிலிருந்து, அதைச் சொல்லாமல் இருப்பதே வேலையாகிவிடுகிறது. வீட்டில் பருவவயது மகள். அவளிடமும் சொல்லக்கூடாது. மகள் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தாய் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள்? ஜெனிஃபர் ஃபினிகன் அந்த முகத்தை அநாயாசமாகச் செய்கிறார். டேரியஸாக வரும் சான்டியாகோ கப்ரேராவைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் தொடரைத் தாங்குவது கிரேஸ்தான்.

அறிவியல் பக்கத்தில் தொடர் பாதி சரி, பாதி தவறு. டேரியஸ் முன்வைக்கும் ஈர்ப்பு இழுவை என்ற யோசனை கற்பனையில் பிறந்ததில்லை. ஒரு கனமான விண்கலத்தைச் சிறுகோளின் பக்கத்தில் நிறுத்திவைத்தால், இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பு விசையே சிறுகோளை மெல்ல மெல்லத் திசைமாற்றும். எட்வர்ட் லூ, ஸ்டான்லி லவ் என்ற இரு விண்வெளி வீரர்கள் 2005-இல் 'நேச்சர்' இதழில் இதை முன்வைத்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு: 20 டன் விண்கலம், 200 மீட்டர் சிறுகோள், ஓராண்டு இழுவை. ஆனால் மோதலுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே இதைச் செய்து முடித்திருக்க வேண்டும். தொடரில் இருப்பதோ அரையாண்டு.

அரையாண்டு என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றுப்பாதையின் நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு நேர்க்கோட்டுக் கணக்காகவே வைத்துக்கொள்வோம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நடுமையத்தைக் குறிவைத்து வரும் கல்லை அந்த அளவு விலக்க, 186 நாள் மட்டுமே இருந்தால், அதன் வேகத்தை நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் மாற்ற வேண்டும். பத்து வருடம் இருந்தால் 2 சென்டிமீட்டர் போதும். மனிதர்கள் நிஜமாகவே செய்துகாட்டியது இதைவிடச் சிறியது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போய் மோதியது. அந்தச் சிறுகோளின் வேகம் நொடிக்கு சுமார் 2.7 மில்லிமீட்டர் மாறியது. அது தன்னைவிடப் பெரிய டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவரும் நேரம் அரைமணிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரும் சாதனை. ஆனால் 40 சென்டிமீட்டருக்கும் 2.7 மில்லிமீட்டருக்கும் நடுவே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி.

இந்த இடைவெளியைக் கடக்கத்தான் 'சால்வேஷன்' எம் டிரைவ் என்ற எந்திரத்தைக் கொண்டுவருகிறது. எரிபொருளை வெளியேற்றாமலே உந்துவிசை தரும் என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட கருவி அது. தொடர் வந்த சமயத்தில் அதைப் பற்றி உண்மையிலேயே ஆர்வம் இருந்தது. 2021-இல் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகக் கவனமாக அளந்து பார்த்து, உந்துவிசை எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். ஆக, தொடரின் தீர்வு நிற்காது. ஆனால் தொடரின் பிரச்சினை நிற்கும். கையில் நேரம் குறையக் குறைய, நல்ல யோசனைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போய் மோசமான யோசனைகள் மட்டுமே மிஞ்சும் என்பதை இது காட்டும் அளவுக்கு வேறு எந்தத் தொடரும் காட்டவில்லை.

குறைகள் உண்டு. காதல் முக்கோணங்கள் நடுவே நுழைந்து வேகத்தைக் கெடுக்கின்றன. ஹேக்கர் கும்பல், ஆட்சிக் கவிழ்ப்பு, கடத்தல் என்று இரண்டாம் பருவத்தில் திருப்பங்கள் அளவுக்கு மீறிக் குவிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கதை முடியவில்லை. கடைசி நிமிடங்களில் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்பவர்கள் இதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

ரகசியம் என்ற அடித்தளமும் நிஜ உலகத்தில் நிற்பது சிரமம். சிறுகோள்களைக் கண்டுபிடித்தால் அந்த அவதானிப்புகள், அவற்றைத் திரட்டி வெளியிடும் மைனர் பிளானட் சென்டர் என்ற சர்வதேச மையம் வழியாக உலகம் முழுக்கப் போய்விடும். கணக்குத் தெரிந்த எவரும் பாதையைப் போட்டுப் பார்க்கலாம். 2024 டிசம்பர் கடைசியில் சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நல்ல உதாரணம். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3 சதவீதத்தைத் தாண்டியது. அந்த எண் படிப்படியாக ஏறியதையும், பிறகு மடமடவென்று இறங்கிக் கிட்டத்தட்ட பூஜ்யமானதையும் உலகமே பார்த்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. எண் ஏறிய நாட்களிலும் பெரும்பாலானோர் தலைப்பைப் படித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதைக் கடைசித் தொடரைப் பற்றிப் பேசும்போது மறுபடி தொடுகிறேன்.

ரகசியம்தான் உங்களை ஈர்க்கிறது, ஆனால் 26 அத்தியாயம் அதிகம் என்றால் 'ஹார்ட் சன்' இருக்கிறது. 2018 ஜனவரியில் பிபிசியில் வந்த ஆறே அத்தியாயங்கள். 'லூதர்' தொடரை உருவாக்கிய நீல் கிராஸின் படைப்பு. லண்டன் போலீஸ் அதிகாரிகள் இருவர் கையில் ஒரு ரகசியக் கோப்பு சிக்குகிறது. பூமிக்கு மிச்சமிருப்பது ஐந்து வருடம் என்கிறது கோப்பு, அதை வெளியே வரவிடாமல் தடுக்க பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 துரத்துகிறது. அந்த இருவருக்குள்ளும் ஒருவரை ஒருவர் நம்ப முடியாத நிலை. அருமையான தொடக்கம். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கொலைகாரனைத் துரத்தும் கதையாக மாறிவிட, உலக அழிவு பின்னுக்குப் போய்விடுகிறது. வன்முறையும் மிகக் கடுமை, முதல் காட்சியே பலரை எழுந்து போக வைக்கும். இதுவும் ஒரே பருவத்தோடு நின்றுபோனது. போலீஸ் கதைப் பிரியர்களுக்கு மட்டும் சொல்வேன்.

எல்லோருக்கும் தேதி தெரிந்துவிட்டால்? 'யூ, மீ அண்ட் தி அபோகலிப்ஸ்' அங்கிருந்து கிளம்புகிறது. 2015-இல் பிரிட்டனின் ஸ்கை 1 சேனலில் வந்த 10 அத்தியாயங்கள். ஒரு வால்நட்சத்திரம் 34 நாளில் மோதப்போகிறது. இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத்துக்கு அடியில் உள்ள பதுங்கறையில், உலகம் அழிவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டத்தை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். வங்கி ஊழியன் ஒருவன், சிறையில் மாட்டிக்கொண்ட நூலகர் ஒருத்தி, வத்திக்கானில் வேலை செய்யும் பாதிரியார் ஒருவர், இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவர்கள் எப்படி அந்த அறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கதை. சிரிக்கவும் வைக்கிறது, எதிர்பாராத இடத்தில் நெஞ்சையும் அடைக்கிறது. ஊர் ஊராகக் கதை தாவுவதால் நடுவில் இரண்டு மூன்று அத்தியாயம் தொய்வு. குடும்பத்தோடு கலகலப்பாகப் பார்க்க இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான் உண்டு. ஆனால் இதுவும் முடிச்சு அவிழாமல் நிற்கும் கதை.

கொரியத் தொடரான 'குட்பை எர்த்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, 12 அத்தியாயங்கள். சிறுகோள் மோத 200 நாள் இருக்கும்போது, ஊங்சியோன் என்ற நகரத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றியது. தன் மாணவர்களைக் காப்பாற்றப் போராடும் ஒரு பள்ளி ஆசிரியையின் கதை நெகிழ்த்துகிறது. ஆனால் காலவரிசையைக் கலைத்துப் போட்டிருப்பதில், யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே பொறுமை போய்விடுகிறது. நல்ல ஆறு மணி நேரக் கதையை இரட்டிப்பாக நீட்டியிருக்கிறார்கள். கொரியத் தொடர்களின் நிதானம் பழகியவர்கள் முயன்று பார்க்கலாம்.

இனி நான் மிகவும் நேசிக்கும் ஒன்று: 'கரோல் அண்ட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. டான் குட்டர்மன் உருவாக்கிய பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர், 2023 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, 10 அத்தியாயங்கள். கெப்ளர் என்ற கோள் பூமியை நோக்கி வருகிறது. 7 மாதம் 13 நாள் பாக்கி. தடுக்க வழியில்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வானத்தில் அந்தக் கோள் எந்நேரமும் தொங்குகிறது. மக்கள் வேலையை விட்டுவிட்டு மலை ஏறுகிறார்கள், கடலில் பயணம் போகிறார்கள், புதுப்புதுக் கலைகள் கற்கிறார்கள். கரோலுக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை. அவளுக்குப் பிடித்தது பழைய ஒழுங்கு: எழுந்திருப்பது, வேலைக்குப் போவது, பில் கட்டுவது.

ஒருநாள் ரயிலில், அலுவலக உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கரோல் பார்க்கிறாள். உலகமே வேலையை விட்ட பிறகு, இவள் மட்டும் எங்கே போகிறாள்? பின்தொடர்ந்து போகிறாள். காலியான ஒரு வானளாவிய கட்டடம், அதில் ஒரே ஒரு தளத்தில் மட்டும் விளக்கு. உள்ளே நுழைந்தால் கணக்குப் பிரிவு முழு வீச்சில் நடக்கிறது. வரிசை வரிசையாக மேசைகள், தட்டச்சுச் சத்தம், நகல் எந்திரம். யாரும் யாரிடமும் பேசுவதில்லை, யாருக்காக இந்தக் கணக்கு என்று கேட்பதில்லை. கரோல் ஒரு காலி மேசையில் உட்கார்ந்துகொள்கிறாள். பிறகு அவள் செய்வதெல்லாம் மிகச் சாதாரணம்: பக்கத்து மேசைக்காரர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள், பேசுகிறாள். அந்தத் தளத்தில் அதுவே புரட்சியாக ஆகிறது. மார்த்தா கெல்லியின் தயங்கித் தயங்கி வரும் குரல் இல்லாவிட்டால் இந்தப் பாத்திரம் இல்லை.

இதில் வில்லன் இல்லை, பரபரப்பு இல்லை, உலகைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் பலர் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது வரைக்கும் பொறுத்துப் பாருங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். ஒரு பருவம்தான் என்று திட்டமிட்டே எடுத்ததால் கதை அரைகுறையாக நிற்காது. நிர்வாணக் காட்சிகள் உண்டு, அனிமேஷன்தானே என்று குழந்தைகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம்.

கடைசியாக, பிரெஞ்சுத் தொடர் 'லெஃபோந்த்ரமோன்'. 'தி கொலாப்ஸ்' என்ற பெயரிலும் கிடைக்கும். 2019-இல் கனால் பிளஸ்ஸில் வந்தது, லெ பராசிட் என்ற மூவர் குழு எடுத்தது. எட்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். விண்கல் கிடையாது, வேற்றுக்கிரகம் கிடையாது. நாம் வாழும் முறை தானாகவே நொறுங்குகிறது. என்ன காரணம் என்று உட்கார்ந்து விளக்குவதும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு சூப்பர் மார்க்கெட், அட்டை வேலை செய்யவில்லை, அலமாரிகளில் சரக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெட்ரோல் பங்க், பணம் வேண்டாம், சாப்பாடு கொடுத்தால்தான் எரிபொருள். 45-ஆம் நாள் ஓர் அணுமின் நிலையம், குளிரூட்டத் தண்ணீர் ஊற்ற ஆள் தேவை. 50-ஆம் நாள் ஒரு முதியோர் இல்லம், ஊழியர்கள் போய்விட்டார்கள், ஒரே ஓர் ஆள் மட்டும் மிச்சம்.

வெட்டே இல்லாமல் எடுத்தது வெறும் வித்தை காட்டுவதற்காக என்று தோன்றலாம். பெட்ரோல் பங்க் அத்தியாயத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கேமரா வரிசையில் நிற்கும் கார்களுக்கு நடுவே போகிறது, கடைக்குள் நுழைகிறது, மறுபடி வெளியே வருகிறது. நிலைமை கைமீறப்போகிறது என்று நமக்குத் தெரிகிறது, ஆனால் வெட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வழியில்லை. அங்கே நிற்பவர்களுக்கு இல்லாத தப்பிக்கும் வழி பார்வையாளருக்கும் கிடையாது.

எட்டாவது அத்தியாயம் பின்னால் போகிறது, சரிவுக்கு ஐந்து நாள் முன்பு. ஒரு நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. வரப்போவதைச் சொல்ல வேண்டும் என்று சிலர் அரங்குக்குள் நுழைகிறார்கள். அங்கே நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. முந்தைய ஏழு அத்தியாயங்களின் அர்த்தத்தையே அது மாற்றிவிடும். தேதி யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு இந்தத் தொடர் தரும் பதில், எல்லோருக்கும் சொல்லப்பட்டது, யாரும் காது கொடுக்கவில்லை என்பது. ஒய்ஆர்4 எண்ணை நாம் எப்படிப் படித்தோம் என்று யோசித்தால், இந்தப் பட்டியலிலேயே நிஜத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சால்வேஷன்' பென்டகனின் மௌனத்தைக் குற்றம் சாட்டுகிறது. இது நம்மைக் குற்றம் சாட்டுகிறது.

சரி, முடிவுக்கு வருவோம். கலை என்று பார்த்தால் 'லெஃபோந்த்ரமோன்', 'கரோல்' இரண்டும் மற்றவற்றைவிட ஒரு படி மேலே. இருந்தாலும் இந்த வகைக்குப் புதியவர் முதலில் பார்க்க வேண்டியது 'சால்வேஷன்'தான் என்பேன். யார் முடிவெடுப்பது, யாரிடம் சொல்வது, எந்தத் திட்டத்தை நம்புவது, யாரை விட்டுவிடுவது என்று இந்த வகைக் கதைகளின் அத்தனை கேள்விகளையும் அது ஒரே இடத்தில் போட்டு உடைக்கிறது, அடுத்த அத்தியாயத்தைத் தட்ட வைக்கும் விறுவிறுப்போடு. முதல் பருவத்தை முழுதாகப் பாருங்கள். கிரேஸும் டேரியஸும் உங்களைப் பிடித்துக்கொண்டால், முடிவு கிடைக்காது என்ற தெளிவோடு இரண்டாம் பருவத்துக்குப் போங்கள்.

ஒரே மாலைதான் கையில் இருக்கிறது, அரைகுறைக் கதைகளும் பிடிக்காது என்றால் நேராக 'லெஃபோந்த்ரமோன்' போய்விடலாம், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மனசு ஏற்கெனவே கனத்திருக்கும் நாட்களில் அதைத் தொடாதீர்கள், 'கரோல்' பாருங்கள். எட்டு கதைகளும் தனித்தனிதானே என்று 'லெஃபோந்த்ரமோன்' அத்தியாயங்களை இஷ்டப்படி மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். நாள் கணக்குப்படி வரிசைப்படுத்தி எட்டாவதை முதலில் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் அது வெறும் முன்னுரையாகிப் போய்விடும்.